மாப்பிள்ளை வண்டியின் பின் டயர்கள்

டயரைப் பார்த்தால் வண்டி ஓட்டுகிறவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. முப்பது வருடம் சக்கரத்துக்கு எதிரே குனிந்து கிடந்தால் யாருக்கும் இது வரும். நடுவில் தேய்ந்திருந்தால் காற்றை அளவுக்கு மேல் அடிக்கிறவன். ஒரு ஓரம் மட்டும் சீவினாற்போல் இருந்தால், எங்கோ பள்ளத்தில் இறக்கிவிட்டு வீட்டில் சொல்லாமல் மறைத்தவன். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலையில் டயர் கடை வைத்திருக்கிறேன், கூடவே வீல் அலைன்மென்ட்டும். நான்கு சக்கரமும் கோணாமல் ஒரே நேராக நிற்கும்படி திருத்துகிற வேலை அது. வண்டிக்காரர் சொல்லும் கதையை நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. "ஊர்ல ஒருத்தர் மேலயும் உங்களுக்கு நம்பிக்கை கெடையாது" என்பாள் என் மனைவி. வாஸ்தவம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை இன்றைக்கும் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொடுக்கிறேன்.

என் ஒரே மகளை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குச் சங்கராபுரத்தில் உரக்கடையில் வேலை, ஊரில் கொஞ்சம் கரும்பு நிலம். அதிகம் பேசமாட்டார். பேசாத ஆளைக் கண்டால் எனக்குச் சந்தேகம் கூடும். பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் உள்ளே கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் வாசலில் கிடந்த அவருடைய செருப்பைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தேன். ஒழுங்காகத் தேய்ந்திருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள் மாப்பிள்ளை தன் காரைக் கடைக்குக் கொண்டுவந்தார். பின்னால் தடதடவென்று சத்தம் வருகிறதாம். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். பின் டயர் இரண்டிலும் ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்திருந்தது. அந்த வண்டியில் முன் சக்கரம்தான் இழுக்கும், பின் சக்கரம் சும்மா கூடவே வரும். சும்மா வருகிற சக்கரம் ஒரே இடத்தில் தேய வேண்டுமென்றால், ஓடுகிற வேகத்தில் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

"இன்னாங்க மாப்ள, பின்னாடி டயரு ஒரே எடத்துல தேஞ்சிருக்குதுங்களே?"

"ரோடு சரியில்லீங்க மாமா. குழி ஜாஸ்தி."

குழியில் விழுந்தால் டயர் வெடிக்கும், ரிம் வளையும். வழுக்கை விழாது. வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால், யாரிடம் காது குத்துகிறாய் என்று கேட்டிருப்பேன். ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை மாமனார் குறுக்குக் கேள்வி கேட்கும் வழக்கமில்லை. கேட்டால் அது பெண்ணின் தலையில்தான் வந்து விடியும். ஆகவே "ஆமாங்க, ரோடு மோசந்தாங்க" என்று நானும் தலையாட்டிவிட்டு டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். நன்றாகக் கழுவி விட்டிருந்தார், ஆனால் மட்கார்டின் உள்பக்கத்தைக் கழுவ மறந்திருந்தார். அங்கே அப்பியிருந்தது செம்மண். அவர் வீட்டிலிருந்து உரக்கடைக்குப் போகிற வழியில் அந்த மண் கிடையாது, அது மலை மண். பானெட்டின் மேல் எதையோ அழுத்தி ஒட்டிப் பிய்த்த மாதிரி வட்டமாக இரண்டு அச்சு. இத்தனையும் சேர்த்துப் பார்த்தபோது வண்டி மலைக்குப் போய் வருகிறது என்று தெரிந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மரவள்ளியும் சாமையும் விதைத்து, கடுக்காய் பொறுக்கி, பாடுபட்டுப் பிழைக்கிறவர்கள். ஆனால் கீழே இருக்கிற எங்களுக்கு, ஒரு கார் அடிக்கடி மலைக்குப் போய் வருகிறது என்றால் முதலில் தோன்றுவது ஒன்றுதான். டிக்கியில் என்ன இருக்கிறது? மலையில் காய்ச்சுகிற கள்ளச்சாராயத்தை மாப்பிள்ளை கடத்துகிறார் என்று என் மனம் அடித்துச் சொல்லியது. வழியில் போலீசைப் பார்த்ததும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்திருக்கிறார், அதுதான் டயர் இப்படி இருக்கிறது. ஸ்டெப்னி டயரைப் பார்க்கிற சாக்கில் டிக்கியைத் திறந்து, உள்ளே விரித்திருந்த பாயை முகர்ந்து பார்த்தேன். யூரியா நாற்றம்தான் வந்தது. அதைக்கூட நான் நம்பவில்லை, வாடையை மறைக்கத்தான் உர மூட்டை ஏற்றுகிறார் என்று நினைத்தேன்.

மகளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். ராத்திரி சோறு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னபோது, "பால்காரனுக்கு அப்புறம் மாப்ளயா? இன்னா மனுசன் நீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பொறுத்தேன். மூன்றாவது ஞாயிறு காலையில், பழைய டயர் ஒன்று வந்திருக்கிறது பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கச்சிராயபாளையத்தில் ஒரு டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு மாப்பிள்ளையின் வண்டி அணைக்கட்டுப் பக்கம் போனது. ஹெல்மெட்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பைக்கில் பின்னாலேயே போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் வண்டி மறையும், தெரியும், மறையும். அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெண்ணை அழைத்துவந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் முட்டியது.

மேலே சாலை ஓரத்தில் லாரிகள் திரும்புவதற்கு ஒரு சமதளம் இருக்கிறது. செம்மண் தரை. ஒரு பக்கம் சாலை, மறு பக்கம் பள்ளம். பைக்கைக் கீழேயே நிறுத்திவிட்டுப் புதர் ஓரமாக நடந்து போய்ப் பார்த்தேன். என் மாப்பிள்ளை அந்தத் திட்டில் காரைப் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். மண் புகையாக எழும்பியது. அவர் வயதில் இன்னொருவர் தள்ளி நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பானெட்டின் மேல் ஒரு செல்போனை ஸ்டாண்டில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பின் சக்கரம் பள்ளத்தின் விளிம்புக்கு ஓர் ஆள் நீளம் மட்டுமே மிச்சம் விட்டுத் திரும்பியது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாராயம் இல்லை. கேனும் இல்லை, மூட்டையும் இல்லை. வீடியோ! இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு ஆட்டம்! அந்தப் பள்ளம் என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. இது எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மலைக்குப் போகிற மனிதனை ஒரே ஒரு கேள்வியை வைத்து அளந்து, அதில் தப்பித்துவிட்டான் என்றால் அப்புறம் அவன் என்ன செய்தாலும் குற்றமில்லை என்று விட்டுவிடுவது. மெதுவாகப் பின்வாங்கி வண்டியை எடுத்தேன். இறங்கி வந்து கோமுகி அணை ஓரத்தில் வறுத்த மீன் வாங்கி நின்றுகொண்டே தின்றேன். இரண்டு வாரம் கழித்து எனக்கு அன்றுதான் பசித்தது.

"உன் மாப்ளமேல தப்பு ஒன்னும் இல்ல. வண்டிய வெச்சிக்கினு வெளாடிக்கினு கீறாரு, அவ்ளோதான்" என்று மனைவியிடம் சொன்னேன். "நான்தான் அப்பவே சொன்னனே" என்றாள்.

தை மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்தோம். அதற்கு முன்னால் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, காருக்கு நான்கும் புது டயராகப் போட்டுக் கொடுத்தேன். அவரைச் சந்தேகப்பட்ட குற்ற உணர்ச்சிக்கு ஒரு பரிகாரம் மாதிரி. அன்று அலைன்மென்ட்டை நானே செய்தேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. மயிரிழை பிசகாமல் திருத்தினேன். பெண்ணும் பிள்ளையும் போகப்போகிற வண்டியாயிற்றே.

வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு, தட்டு வரிசையோடு வேனில் போனோம். மகளுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். மதியம் சாப்பாடு முடிந்ததும் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வேனில் உட்கார இடம் ஒதுக்கி வைத்திருந்தோம்.

"வேன்ல தூக்கித் தூக்கிப் போடுங்க மாமா. நீங்க முன்னாடி போங்க, நான் கார்ல மெதுவா இட்டுக்கினு வரேன்" என்றார் மாப்பிள்ளை. புது டயர், நானே பார்த்த அலைன்மென்ட். எனக்கு மறுத்துச் சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சரிங்க என்றேன்.

நாங்கள் வந்து சேர்ந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவர்கள் வந்தார்கள். வாசலில் ஆரத்தி எடுத்தபோது, ஏன் இத்தனை நேரம் என்று மனைவி கேட்டாள். வழியில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம் என்றாள் மகள். நான் அவள் நெற்றியைப் பார்த்தேன். காலையில் வைத்த சந்தனமும் குங்குமமும் வியர்வையில் கரைந்திருந்தன. புதிதாக ஒரு கீற்று விபூதி இல்லை. மாப்பிள்ளை நெற்றியும் வெறுமையாக இருந்தது. எந்தக் கோயிலில் விபூதி கொடுக்காமல் அனுப்புகிறார்கள்? நல்ல நாளில் வாயைத் திறக்காதே என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளை அன்று எங்கள் வீட்டில் தங்கினார். மறுநாள் காலை எல்லோரும் எழுவதற்கு முன்னால் காரைப் போய்ப் பார்த்தேன். இடப்பக்கக் கண்ணாடி மடங்கிக் கிடந்தது. முன் கதவிலிருந்து பின் கதவு வரைக்கும் நகத்தால் கீறின மாதிரி ஏழெட்டுக் கோடு. கதவு ரப்பரில் காய்ந்த கரும்புத் தோகை சிக்கியிருந்தது. அந்த இடப்பக்க முன் சீட்டில்தான் என் மகள் வந்தாள்.

"கரும்பு டிராக்டர் நின்னுக்கினு இருந்துதுங்க மாமா. எதுக்க வந்த பஸ்சுக்கு வழி உடும்போது தோகை உரசிடுச்சி" என்றார் மாப்பிள்ளை, காபியைப் பார்த்துக்கொண்டே.

அது நம்பக்கூடிய காரணம்தான். அரவை நடக்கிற காலத்தில் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் சாலை ஓரம் முழுக்க வரிசை கட்டி நிற்கும். டிரெய்லரில் கரும்பை அடைத்து ஏற்றி, பக்கவாட்டில் கழி கழியாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் வழி விடுகிறவன் வண்டியை மெதுவாகத்தான் ஒதுக்குவான், கீறல் குட்டையாக இருக்கும். இந்தக் கோடுகள் நீளமாக, ஒரே சீராக இருந்தன. ஓட்டுகிறவன் ஒதுக்கின வண்டியில்லை, தன்பாட்டுக்கு ஒதுங்கிப் போன வண்டி. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கடையில் ஒரு மினி டெம்போ டிரைவர் பஞ்சர் ஒட்ட வந்தார். நெடுநாள் பழக்கம். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, இத்த பாருங்க. டிரைவரே இல்லாம காரு தானா போவுது. நம்ம மூங்கில்துறைப்பட்டு ரோடு மாதிரி கீது."

முன்னால் ஏதோ வண்டியில் போய்க்கொண்டே எடுத்திருக்கிறார்கள். கார் நிதானமாக நடக்கிற வேகத்தில் வருகிறது. டிரைவர் கதவு திறந்திருக்கிறது. பட்டு வேட்டி சட்டையோடு ஓர் ஆள் காருக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே நடக்கிறார். பின்னால் பாட்டு. அந்த வேட்டியின் கரையை எனக்குத் தெரியும், வளைகாப்புக்கு நான் எடுத்துக் கொடுத்தது. டயர்களையும் தெரியும். முன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் டிரைவர் சீட் காலி. ஆனால் ஸ்டியரிங்கின் கீழ்ப் பக்கத்தை ஒரு கை பிடித்திருந்தது. முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் போட்ட கை.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கையும் கீழே இறங்கி மறைந்துவிட்டது. காருக்குள் யாருமே இல்லை. கார் வந்துகொண்டே இருந்தது. வீடியோ அதோடு முடிந்து, முதலிலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்தது.

"செம தில்லுண்ணே" என்றார் டிரைவர். சக்கரத்தைக் கடைப் பையனை மாட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மகள் கட்டிலில் சாய்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார்.

"அந்த வண்டியில இருந்தது நீதானா?" என்றேன்.

எந்த வண்டி என்று அவள் கேட்கவில்லை. "பாத்துட்டியாப்பா?" என்றாள். முகத்தில் பயம் இல்லை, சின்னதாக ஒரு பெருமை இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

"அவரு உன்ன இதுக்கு இழுத்தாரா? சொல்லு. மாப்ளன்னு பாக்க மாட்டேன்."

"அவரு பாவம்ப்பா. அவருக்கு ஆடவே வராது, சொல்லிச் சொல்லி ஆட வெக்கணும். இன்ஸ்டா பேஜு என்னுது. இன்னா எடுக்கணும், எங்க எடுக்கணும், எல்லாம் நான்தான் சொல்லுவேன். மலமேல சுத்துனதுகூட நான் சொல்லித்தான்."

நான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பால்காரரிலிருந்து மாப்பிள்ளை வரைக்கும் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவன், வீட்டுக்குள் இருந்தவளை ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி, புடிச்சிக்கினு இருந்த கைய எதுக்குடி எடுத்த?"

"கை தெரிஞ்சா யாருப்பா நம்புவாங்க? ஆளே இல்லாத மாதிரி இருக்கணும். சீட்ட பின்னாடி சாச்சி அப்படியே படுத்துக்கினேன்."

"வயித்துல புள்ளைய வெச்சிக்கினா? பயமா இல்ல உனக்கு?"

"இல்லப்பா. நீ அலைன்மென்ட் பண்ண வண்டி. கைய உட்டாலும் நேராத்தான் போவும்னு எனக்குத் தெரியும். சின்னதுல நீதான எனக்குக் காட்டுன?"

காட்டியது உண்மை. அலைன்மென்ட் முடிந்ததும் நாங்கள் வண்டியைத் தியாகதுருகம் சாலையில் ஓட்டிப் பார்ப்போம். காலியான சாலையில் நேரே பிடித்து, ஸ்டியரிங்கிலிருந்து கையை ஒரு விரல் தூரம் எடுத்து, ஓரிரு நொடி கவனிப்போம். வண்டி ஒரு பக்கம் வேகமாக இழுத்தால் வேலை சரியில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற மகளையும் சில நாள் முன் சீட்டில் ஏற்றிக்கொள்வேன். அவள் இருக்கும்போது மட்டும் ஒரு விரல் தூரம் இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, தட்டிக் காட்டுவேன். "அப்பா கைய உட்டுட்டேன் பாரு, வண்டி எப்படிப் போவுது பாரு!" அவள் கண்ணை அகல விரித்துச் சிரிப்பாள். இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்பாள். பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள், அந்த ஒருத்தி கைதட்டுவதற்காக நான் அதைத் திரும்பத் திரும்பச் செய்தேன்.

"அப்புறம் ஏன் எடது பக்கம் போச்சி?" என்றேன்.

அதுவரை துடுக்காகப் பேசியவள் முறுக்கைக் கீழே வைத்தாள். "தெரியலப்பா. படுத்துக்கினு இருந்தேனா, ஜன்னல்ல திடீர்னு கரும்பு தெரிஞ்சிது. மூஞ்சிக்கு நேரா. அவரு கத்திக்கினே ஓடியாந்து, அந்தப் பக்கத்துலருந்து கைய உள்ள உட்டு ஸ்டியரிங்க இழுத்துட்டாரு. கண்ணாடி மட்டும் மடங்கிச்சி." பிறகு, என்னைக் குறை சொல்லக்கூடாது என்பதுபோல் மெதுவாகக் கேட்டாள். "அலைன்மென்ட்ல ஏதாவது மிஸ்டேக் ஆயிடுச்சாப்பா?"

எந்தத் தார்ச்சாலையும் நடுவில் மேடாகவும் இரண்டு ஓரமும் சரிவாகவும்தான் இருக்கும், மழைத் தண்ணீர் வடிவதற்காக. நாம் இடப்பக்கம் போகிறவர்கள். கையை விட்டால் எப்பேர்ப்பட்ட வண்டியும் கொஞ்ச தூரத்தில் இடது ஓரத்துக்கு இறங்கத்தான் செய்யும். தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியும். அதை அவளிடம் சொன்னேன்.

"அப்போ எந்த வண்டியும் கைய உட்டா நேரா போவாதா?"

"போவாது."

"நீ தூக்கிக் காட்டும்போது மட்டும் போச்சே?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "முழங்கால்ல கீழருந்து ஸ்டியரிங்குக்கு முட்டுக் குடுத்துக்கினு இருந்தேம்மா. உனக்குத் தெரியாது. நீ சிரிக்கணும்னு செஞ்சது" என்றேன்.

உள்ளே குழந்தை உதைத்திருக்க வேண்டும், வளையல் குலுங்க வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு நேரே வந்த கரும்புக்கு அழாதவள், அப்போது அழுதாள். அழுதுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஆள் வேறு என்னென்ன சொன்னான், அதில் எதெல்லாம் பொய் என்று கணக்குப் பார்க்கிற பார்வை. என் மகள் என்னை முதல் தடவையாகச் சந்தேகப்பட்டாள். இதைப் பத்து வயதிலேயே பட்டிருக்கக் கூடாதா என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.